இங்கிலாந்து ஆறுகளில் பைக் மீன்: இலையுதிர் காலத்தில் முதல் தூண்டில் போடுகிறவர்களுக்கு

ஐப்பசி அடைமழையில் ஊர் ஏரி, குளமெல்லாம் நிரம்பிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில், இங்கிலாந்தில் ஆற்றுநீர் குளிர்ந்து கரையோரப் பாசி மடியத் தொடங்குகிறது. பைக் பிடிக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. விராலுக்குத் தவளை கோத்துப் போட்டுப் பழகியவர்கள் லண்டனிலும் லெஸ்டரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். தேம்ஸ் கரையில் நடக்கும்போது அவர்கள் கண் தண்ணீரிலேயே இருக்கும். ஆனால் இந்த ஊரில் எங்கே கேட்பது, என்ன வாங்குவது, எது சட்டம் என்று தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகவும், தூண்டிலையே தொட்டிராதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைக் பார்ப்பதற்கு முதலை வாய் கொண்ட முரட்டு மீன். ஆனால் கையாளத் தெரியாதவர் கையில் சீக்கிரம் செத்துப்போகும். இங்கே ஆற்றில் பிடிக்கும் பைக்கைத் திரும்ப விடுவதுதான் வழக்கம். ஆகவே தூண்டில் முள்ளைக் கழற்றி உயிரோடு விடத் தெரிந்த பிறகுதான் பிடிக்கவே போக வேண்டும். எந்தத் தூண்டில் நரம்பு, எவ்வளவு பெரிய வலை, தக்கை நகர்ந்தால் எப்போது இழுப்பது என்று கீழே சொல்லும் எல்லாமே அந்த ஒரு காரணத்திலிருந்து வருபவை.

ஏன் இந்தக் காலம்

கோடையில் நீர் சூடாக இருக்கும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. பைக் தூண்டிலில் மாட்டினால் இருக்கிற பலத்தையெல்லாம் காட்டிப் போராடும். வெயில் காலத்தில் அப்படிக் களைத்த மீன், விட்டதும் நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பிறகு செத்து மிதக்கலாம். அதனால்தான் ஆறுகள் சட்டப்படி ஜூன் 16-லேயே திறந்தாலும், அனுபவசாலிகள் அக்டோபர் 1 வரை பைக் பக்கம் போவதில்லை. பல மீன்பிடிச் சங்கங்கள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன. சீசன் மார்ச் 14 வரை போகும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் தூண்டில் போடத் தடை.

இலையுதிர் காலத்தில் ஆற்றுக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கோடை முழுக்க ரோச், டேஸ், பிளீக் போன்ற சிறு மீன்கள் பாசிக்குள் சிதறிக் கிடக்கும். முதல் உறைபனி விழுந்ததும் பாசி மடிகிறது, ஒளிய இடம் போகிறது. சிறு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து நீரோட்டம் குறைந்த ஆழமான இடங்களுக்கு நகர்கின்றன. பைக்கும் பின்னாலேயே போகிறது. வசந்தத்தில் முட்டையிட வேண்டிய பெண் மீன்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ளும் நேரமும் இதுதான். பெரிய பைக் எல்லாமே பெண்கள். ஆண் மீன் 10 பவுண்டு எடையைத் தாண்டுவது அபூர்வம்.

உரிமம், அப்புறம் அனுமதி

இரண்டும் வேறு வேறு. 13 வயது ஆன எவரும் சுற்றுச்சூழல் முகமையின் (Environment Agency) தூண்டில் உரிமம் வைத்திருக்க வேண்டும். அரசு இணையதளத்தில் ஒரு நாளுக்கோ, 8 நாளுக்கோ, 12 மாதத்துக்கோ எடுக்கலாம். 13 முதல் 16 வயது வரை இலவசம், ஆனாலும் எடுத்தாக வேண்டும். உரிமம் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம்.

உரிமம் இருந்தால் மட்டும் எந்தக் கரையிலும் உட்கார்ந்துவிட முடியாது. பெரும்பாலான ஆற்றுக்கரைகளில் மீன்பிடி உரிமை நிலத்துக்காரரிடமோ ஒரு சங்கத்திடமோ இருக்கும். லண்டனுக்கு மேற்கேயுள்ள ஸ்டெய்ன்ஸ் ஊருக்குக் கீழே, ஆறு கடலை நோக்கிப் போகும் பக்கம், தேம்ஸில் பல இடங்களில் உரிமம் மட்டும் போதும். மற்ற இடங்களில் நாள் டிக்கெட்டோ சங்க உறுப்பினர் அட்டையோ வேண்டும். இதை விசாரிக்கச் சரியான இடம் உள்ளூர் தூண்டில் கடை. எந்தப் பாலத்தருகே அனுமதி உண்டு, இந்த வாரம் ஆறு எப்படி இருக்கிறது என்று அங்கே சொல்லிவிடுவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

குழம்பு வைக்க ஒன்று எடுத்துவரலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். ஆற்றில் ஒருவர் ஒரு நாளில் 65 சென்டிமீட்டருக்கு மிகாத ஒரே ஒரு பைக்கை எடுக்க விதி இடம் தருகிறது. அதற்கும் அந்த நீர்ப்பகுதியின் உரிமையாளர் சம்மதம் வேண்டும். பெரும்பாலானவர்கள் தருவதில்லை. சம்மதமில்லாமல் எடுத்தால் அது திருட்டு. என் கருத்தைக் கேட்டால், எடுக்கவே வேண்டாம். சதைக்குள் கவை கவையாக முள் நிறைந்த மீன் அது. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ நம்மவர் மீன் கடையில் குழம்புக்கு இதைவிட நல்ல மீன் கிடைக்கும்.

எதை முதலில் வாங்குவது

புதிதாக வருகிறவர்கள் ராட் (தூண்டில் கோல்), ரீல் (நரம்பு சுற்றும் உருளை), பளபளக்கும் லூர்கள் (மீன் போலச் செய்த போலி இரை) என்று தொடங்கி, காசு தீர்ந்த பிறகு வலையைப் பார்ப்பார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

முதலில் கைவலை. அதன் வாய் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. கண்ணி ரப்பர் பூசியதாக இருந்தால் மூன்று முள் ஒன்றாகச் சேர்ந்த ட்ரெபிள் கொக்கி அதில் சிக்காது, மீனின் மேல்பூச்சு வழவழப்பும் உரியாது. அடுத்து மீனைக் கிடத்தும் பஞ்சு மெத்தை விரிப்பு. அப்புறம் முள்ளைக் கழற்ற 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஃபோர்செப்ஸ் என்ற கவ்வி. குட்டையானதை வாங்கினால் உங்கள் விரல்கள் பற்களுக்கு நடுவே போகும். கடைசியாக, முள்ளின் தடித்த கம்பியை ஒரே அழுத்தில் துண்டிக்கும் நல்ல கட்டிங் பிளேயர். இந்த நான்கும் கையில் இல்லாமல் பைக்குக்குத் தூண்டில் போடக் கூடாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை.

அதற்குப் பிறகு ராட். லூர் போட 20 முதல் 60 கிராம் வரை வீசக்கூடிய, எட்டு அல்லது ஒன்பது அடி ராடும் 4000 அளவு ஸ்பின்னிங் ரீலும் போதும். செத்த மீனை இரையாகப் போட 12 அடி ராட் வசதி. பிரெய்ட் (இழை பின்னிய) நரம்பு என்றால் 50 பவுண்டு, சாதாரண நைலான் என்றால் குறைந்தது 15 பவுண்டு எடை தாங்குவதாக இருக்கட்டும். மெல்லிய நரம்பில் மீனை அதிக நேரம் ஓடவிடுவது திறமையல்ல, மீனைக் களைக்க வைத்துக் கொல்லும் வழி.

நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவே கம்பி ட்ரேஸ் கட்டாயம். பைக்கின் பற்கள் எந்த நைலானையும் அறுத்துவிடும். அறுந்தால் போவது உங்கள் லூர் மட்டுமல்ல, வாயில் ட்ரெபிளோடு மீனும் போகிறது. ட்ரேஸ் 50 சென்டிமீட்டர் நீளம், குறைந்தது 28 பவுண்டு பலம். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அதை விரலால் வருடிப் பாருங்கள். ஓரிடத்தில் மடிந்திருந்தாலோ ஒரு இழை பிரிந்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

அடுத்து ட்ரெபிள். கடையில் வாங்கியதும் ஒவ்வொரு முள்ளின் உள்பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்குங்கள். நரம்பை விறைப்பாக வைத்திருந்தால் அதனால் மீன் தப்பாது. கழற்றும்போது மட்டும் வித்தியாசம் தெரியும்.

ஆற்றைப் படிப்பது

பைக் ஓடித் துரத்தும் மீனல்ல. ஓர் இடத்தில் அசையாமல் நின்று, இரை பக்கத்தில் வந்ததும் ஒரே பாய்ச்சலில் பிடிக்கும். விரால் பிடித்தவர்களுக்கு இது பழக்கமான குணம்தான். எனவே இரண்டு விஷயங்கள் சேரும் இடத்தைத் தேடுங்கள்: நீரோட்டம் தளரும் இடம், மறைவு இருக்கும் இடம்.

பாலத் தூணின் பின்புறம், ஆறு வளையும்போது உள்பக்கம், ஓடை வந்து கலக்கும் முகம், நீருக்குள் சாய்ந்த மரம், வரிசையாகக் கட்டிய படகுகளின் அடி, மடிந்துகொண்டிருக்கும் அல்லி இலைகளின் ஓரம். நான் முதலில் பார்ப்பது படகுத் துறையின் வாயை. குளிர் ஏற ஏறச் சிறு மீன்கள் அங்கேதான் அடைக்கலம் தேடும். அமைதியான நீரில் திடீரெனச் சிறு மீன்கள் விசிறி போலத் துள்ளிச் சிதறினால் அடியில் ஏதோ வந்திருக்கிறது என்று அர்த்தம். கையில் இருப்பதை அப்படியே அங்கே போடுங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஆற்று மட்டத்தை இணையத்தில் பாருங்கள். சுற்றுச்சூழல் முகமை ஒவ்வொரு அளவுகோல் நிலையத்தின் அளவையும் வெளியிடுகிறது. மட்டம் ஏறிக்கொண்டிருந்தால், நீர் காப்பி நிறத்தில் இலையும் கிளையுமாக வரும். அன்று வீட்டிலேயே இருக்கலாம். ஏறி முடிந்து, இறங்கிக்கொண்டு, கரையருகே ஓரிரண்டு அடி ஆழம் வரை தெரியும் நிலைதான் பொன்னான நேரம். நாளில் முதல் இரண்டு மணி நேரமும் கடைசி இரண்டு மணி நேரமும் நல்லவை. மேகமூட்டமான நாளில் நடுப்பகலும் வேலை செய்யும்.

லூரா, செத்த மீனா

அக்டோபரில் நீர் இன்னும் அவ்வளவு குளிர்ந்திராது, பைக் சுறுசுறுப்பாக இருக்கும். அப்போது லூர் நல்லது. கடையில் நூறு வகை தொங்கும். மூன்று போதும்: 12 சென்டிமீட்டர் அளவில் வால் ஆடும் ரப்பர் மீன் ஒன்று, அதற்கு 15 கிராம் ஈயத்தலை முள்; சுழலும் தகடுள்ள ஸ்பின்னர் ஒன்று; ஓரடி ஆழத்தில் ஓடும் மிதக்கும் லூர் ஒன்று. தெளிந்த நீருக்கு வெள்ளி, பச்சை நிறங்கள். கலங்கிய நீருக்குப் பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ.

முதல் வீச்சு தூரத்துக்கு வேண்டாம். கரையை ஒட்டி, உங்கள் இடது பக்கமும் வலது பக்கமும் போடுங்கள். பைக் பல நேரம் காலடியிலேயே நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விசிறி போல நடுவை நோக்கி. ரப்பர் மீனை அடிவரை இறங்க விட்டு, இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி நிறுத்துங்கள். மறுபடி இரண்டு சுற்று, மறுபடி நிறுத்தம். மீன் பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் கவ்வும். லூரைத் தண்ணீரிலிருந்து எடுக்கும் முன் ஒரு நொடி அப்படியே நிறுத்துங்கள், பின்தொடர்ந்து வந்த மீன் அப்போதும் பாயும். இருபது நிமிடத்தில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த இடத்துக்கு நகருங்கள்.

நவம்பரில் நீர் சில்லென்று ஆனதும் செத்த மீன் முந்திக்கொள்ளும். இதற்கு நம்மவர் கடைகளே போதும். மத்தி எண்ணெய்ப்பசை உள்ளது, வாசனை தண்ணீரில் பரவும். ஆனால் மென்மையான மீன் என்பதால், உறைந்த நிலையிலேயே முள்ளில் மாட்டி வீச வேண்டும். கானாங்கெளுத்தியைச் சாய்வாக வெட்டி வால் பாதியைப் போட்டால் முள்ளில் நன்றாக நிற்கும். ஆற்று மீனை இரையாக வைப்பதென்றால் அதே ஆற்றில் பிடித்ததாக இருக்க வேண்டும். ஓரிடத்து மீனை இன்னொரு நீருக்குக் கொண்டுபோகக் கூடாது.

ட்ரேஸில் இரண்டு ட்ரெபிள். மேலேயுள்ளதன் ஒரு முள் வாலின் அடியில், கீழேயுள்ளது விலாவில். தலை கீழ்நோக்கித் தொங்க வேண்டும், ஏனென்றால் பைக் இரையைத் தலைப்பக்கமிருந்துதான் விழுங்கும். ஈயக்குண்டைத் தரையில் இருத்தி, தக்கையை ஆழத்தைவிடச் சற்று அதிகமாக வைத்து, நரம்பைச் சுற்றி விறைப்பாக்குங்கள். தக்கை சாய்ந்து பாதி தெரிய நிற்கும்.

தக்கை அசைந்தால்

முதலில் ஒரு நடுக்கம். மீன் இரையைக் குறுக்காகக் கவ்வியிருக்கும். அப்புறம் தக்கை படுத்துவிடும், அல்லது ஒரு பக்கமாக நழுவத் தொடங்கும். இழுக்க வேண்டிய நேரம் அதுதான். கொஞ்சம் விழுங்கட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் பலருக்கு ஊரிலிருந்தே வரும். இங்கே அதை விட்டுவிடுங்கள். காத்திருந்தால் ட்ரெபிள் தொண்டையைத் தாண்டி வயிற்றுக்குள் போய்விடும். சில மீன் தப்பினாலும் பரவாயில்லை.

ராடைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தி, மீனின் கனம் கையில் தெரியும்வரை வேகமாகச் சுற்றி, பிறகு உறுதியாகத் தூக்குங்கள். ராடைப் போட்டுவிட்டு டீ வாங்கப் போவது, தூரத்தில் நண்பரோடு பேசுவது, இதெல்லாம் பைக் பிடிக்கும்போது கூடாது. எட்டும் தூரத்தில் இருங்கள்.

கரைக்கு வந்த பிறகு

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

வலைக்குள் வந்த மீனை உடனே தூக்க வேண்டாம். தண்ணீருக்குள்ளேயே வலையில் இருக்கட்டும், மூச்சு வாங்கிக்கொள்ளும். அதற்குள் விரிப்பை விரித்து, ஆற்றுநீர் ஊற்றி நனையுங்கள். ஃபோர்செப்ஸ், கட்டிங் பிளேயர், கேமரா எல்லாம் கைக்கெட்டும் இடத்தில். கையையும் நனைத்துக்கொள்ளுங்கள். இப்போது வலையோடு தூக்கி விரிப்பில் மல்லாக்கக் கிடத்தி, பக்கத்தில் மண்டியிடுங்கள். மீன் துள்ளினால் முழங்கால்களால் மெல்ல அணைத்துக்கொள்ளலாம்.

கீழ்த்தாடையின் அடியைப் பாருங்கள். இரண்டு செவுள் மூடிகளும் குவிந்து தாடையோடு சேரும் இடம் ஒன்று தெரியும். இடது கையின் இரண்டு விரல்களைச் செவுள் மூடியின் ஓரத்துக்குள் நுழைத்து, மூடியின் உள்சுவரை ஒட்டியபடியே தாடை நுனியை நோக்கி நகர்த்துங்கள். உள்ளே சிவப்பாகத் தெரிகிறதே, அந்தச் செவுள் இதழ்களில் விரல் படவே கூடாது. அவற்றை ஒட்டியுள்ள செவுள் முட்கள் கூர்மையானவை, உங்களுக்கு ரத்தம் வரும். மீனுக்கு அதைவிட ஆபத்து. நுனிக்கு வந்ததும் கட்டைவிரலை வெளியே வைத்துப் பிடித்து மெல்லத் தூக்கினால் வாய் தானாகத் திறக்கும்.

வலது கையால் ஃபோர்செப்ஸை விட்டு ட்ரெபிளின் தண்டைப் பிடித்து, வந்த வழியே தலைகீழாகத் திருப்புங்கள். எதிர்முள் நசுக்கியிருந்தால் சட்டென்று விழுந்துவிடும். வரவில்லையா, மல்லுக்கட்ட வேண்டாம். கட்டிங் பிளேயரால் முள்ளைத் துண்டாக்கி எடுத்துவிடுங்கள். ஒரு ட்ரெபிளின் விலை பெரிதல்ல. ட்ரேஸை அறுத்து, ட்ரெபிளை வயிற்றிலேயே விட்டு மீனை அனுப்புவது மட்டும் ஒருபோதும் கூடாது.

படம் எடுக்க ஆசைப்பட்டால் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். மண்டியிட்டு, விரிப்புக்கு மேலேயே, ஒரு கை தாடையிலும் ஒரு கை வயிற்றின் அடியிலுமாகக் கிடையாகப் பிடிக்க வேண்டும். தாடையில் தொங்கவிட்டுச் செங்குத்தாகத் தூக்கினால் மீனின் முழு எடையும் கழுத்தில் விழும். விடும்போது தலை நீரோட்டத்துக்கு எதிராக இருக்கும்படி தண்ணீரில் நிமிர்த்திப் பிடியுங்கள். செவுள் மூடிகள் சீராகத் திறந்து மூடும். வால் உங்கள் கையில் அழுத்தமாக ஒரு தட்டுத் தட்டும்போது விடுங்கள், அதற்கு முன் தள்ளிவிட வேண்டாம்.

இதைப் படித்து மட்டும் வந்துவிடாது. முதல் சில தடவை தெரிந்தவர் ஒருவரோடு போங்கள். 1977-இல் தொடங்கிய பைக் ஆங்க்லர்ஸ் கிளப்புக்குப் பல பகுதிகளில் கிளைகள் உண்டு. புதியவர்களுக்குச் சொல்லித்தருவதை அவர்கள் கடமையாகவே நினைக்கிறார்கள்.

கூடவே வரும் மற்ற இரண்டு

பெர்ச் அழகான மீன். பச்சை உடம்பில் கறுப்புப் பட்டைகள், செக்கச் சிவந்த அடித்துடுப்பு. 5 முதல் 8 சென்டிமீட்டர் ரப்பர் லூரோ, கொழுத்த மண்புழுவோ போதும். முதுகுத் துடுப்பு முள்ளாலானது, முன்னிருந்து பின்னாகத் தடவிப் படுக்க வைத்துப் பிடியுங்கள். பெர்ச்சுக்குத்தானே என்று கம்பி ட்ரேஸை விட்டுவிடாதீர்கள், அதே லூரைப் பைக்கும் கடிக்கும்.

சாண்டர் இந்த நாட்டு மீனல்ல. 1963-இல் கிரேட் ஊஸ் ஆற்றை ஒட்டிய ரிலீஃப் சேனல் என்ற வெள்ள வடிகாலில் 97 மீன்களை விட்டார்கள், அங்கிருந்து கிழக்கு இங்கிலாந்தில் பரவியது. இன்று செவர்ன், ட்ரென்ட் ஆறுகளிலும் உண்டு. மங்கலான ஒளியில் நன்றாகப் பார்க்கும் கண் அதற்கு. கலங்கிய நீரும் அந்தி நேரமும்தான் சாண்டருக்கு. தொடக்கக்காரர்கள் இதைத் தேடிப்போக வேண்டியதில்லை.

உங்கள் உயிர்

ஈர இலைகள் மூடிய சரிவான கரை வழுக்கும். குளிர்நீரில் விழுந்தால் முதலில் மூச்சு திணறும், நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார். தானாக ஊதிக்கொள்ளும் உயிர்காப்புக் கச்சை ஒன்றை அணிந்துகொள்ளுங்கள், தனியாகப் போனால் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கார்பன் ராட் மின்சாரம் கடத்தும். மேலே மின்கம்பி இருந்தால் 30 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி பின்னுக்குப் போகும், அதன் பிறகு ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தலையில் கட்டும் விளக்கு பையிலேயே இருக்கட்டும்.

நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்கிறோமே, அது இங்கும் ஆற்றோரங்களில் தொற்றும். பைக் பல்லோ செவுளோ கிழித்த சின்னக் காயமும் அதற்கு வாசல். கிருமிநாசினியும் நீர்புகாத பிளாஸ்டரும் எடுத்துப்போங்கள், கை கழுவாமல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் மருத்துவரிடம் ஆற்றுக்குப் போனதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும் வலை, விரிப்பு, பூட்ஸ் மூன்றையும் கழுவி முழுதாகக் காயப் போடுங்கள். ஒரு ஆற்றின் அந்நியச் செடித் துணுக்குகளும் நுண்ணுயிர்களும் ஈரமான வலையில் ஒளிந்து அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் காய இரண்டு நாளாவது ஆகும். அடுத்த வாரம் வேறு ஆற்றுக்குப் போவதென்றால் அன்றிரவே கழுவிவிடுங்கள்.